நாப்பதுக்கு மாத்துனதுக்கு அப்பறம்

கோச்சுக்காதீங்க டீச்சர். நேத்து என்ற வீட்டுக்காரரு உங்க வாசல்ல நின்னு சத்தம் போட்டாரில்லீங்களா, அதுக்காகத்தான் வந்தேனுங்க. அடுத்த கதவுதான் நாங்க. கோகிலவாணின்னு பேரு, எல்லாரும் கோகிலான்னுதான் கூப்பிடுவாங்க. நீங்க தாராபுரத்துல இருந்து குடிவந்த அன்னிக்கே வந்து பாத்திருக்கோணும். மொதல் தடவையா வரும்போதே மன்னிப்புக் கேக்க வர்ற மாதிரி ஆயிப்போச்சு. இந்தாங்க, ஒப்புட்டு கொஞ்சம் பண்ணுனேன். தேங்காய்ப் போளிதான், சூடு ஆறல.

கதவை மட்டும் மெதுவாச் சாத்திருங்க. இல்லீங்க, உள்ரூமுக்கு வேண்டாம், இங்க ஹால்லயே உக்காந்துக்கறேன். உங்க உள்ரூம் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் அவரோட ஆபீஸ் ரூம். இங்க பேசறது அங்க கேக்கும், அங்க பேசறது இங்க கேக்கும். கட்டடம் கட்டுனவனுக்குப் புண்ணியமாப் போச்சு.

அவரு சத்தம் போடற மனுசரே இல்லீங்க. கேட்டுல இருக்கற வாட்ச்மேனைக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவாரு. உங்களைப் பாத்து, உங்க புது வைஃபையால என்ற மீட்டிங் கட்டாயிருச்சுன்னு கையை ஆட்டிட்டு நின்னதைக் கதவுக்குப் பின்னாடி இருந்து நானும் கேட்டுட்டுத்தான் இருந்தேன். பேத்தி போட்டோ பாக்கறதுக்குத்தானப்பா இதையே போட்டேன்னு நீங்க சொன்னதும் கேட்டுச்சு. வெளிய வந்து ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கோணும். வரல.

உங்க வைஃபை பெட்டியைச் சித்த பாக்கட்டுங்களா? இதென்னுங்க, மாட்ட வந்தவன் டிவிக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுட்டுப் போயிருக்கான். அந்த அலமாரி மேல எடுத்து வச்சீங்கன்னா உள்ரூம் வரைக்கும் நல்லா எடுக்கும். போன்ல பாத்துச் சொல்றேன் இருங்க. உங்களது பதினொண்ணாம் சேனல், அகலம் இருபது. எங்களது ஒண்ணாம் சேனல், அதுவும் இருபது, நாப்பதுல ஓடறது வேற. ரெண்டும் உரசறதுக்கு வழியே இல்லீங்க. அவரு மீட்டிங் கட்டானதுக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ராத்திரி தூங்காம இருந்திருப்பீங்க, பாவம்.

இவளுக்கு எப்புடி இதெல்லாம் தெரியும்னு பாக்கறீங்க. பி.காம். படிச்சதைக் கல்யாணத்தோட மூட்டை கட்டி வச்சவதானுங்க நானும். பயந்தான் கத்துக்குடுத்துச்சு. பயந்தவ மாதிரி வெரசாக் கத்துக்கறவ யாரும் இல்லீங்க.

போன ஆடியில ஆரம்பிச்சுது. அவரு சாப்ட்வேர் கம்பெனிங்க. கொரோனாவுல இருந்து வீட்லயிருந்துதான் வேலை. அந்த ஆடியில அவங்க ஆபீஸ்ல ஆளைக் குறைக்கறாங்கன்னு பேச்சு. இவரு சோத்தைப் பெசஞ்சுட்டே உக்காந்திருப்பாரு. ஒரு நாளு பெரிய ஆளுங்களோட மீட்டிங். நான் அடுப்படியில மைக்ரோவேவ்ல புள்ளைக்குப் பால் சுட வெக்கறேன். கதவைத் தொறந்துட்டு வெளிய வந்தாரு. பாதிப் பேச்சுல கட்டாயிருச்சாமா. என்னையப் பாத்தாரு, ஓடிட்டு இருந்த மைக்ரோவேவைப் பாத்தாரு.

"கோகிலா, என்ற வேலை போச்சுன்னா அது இந்த வைஃபையாலதான் போகும்."

அவ்வளவுதாஞ் சொன்னாரு. சத்தமாச் சொல்லியிருந்தாக்கூட மறந்திருப்பேன். மெதுவாச் சொன்னாரு.

அன்னியிலிருந்து எங்க வீட்ல பயந்தான் குடித்தனம். மைக்ரோவேவைத் துணி போட்டு மூடியாச்சு, அது ஓடுனா ரெண்டு புள்ளி நாலு கிகாஹெர்ட்ஸ்ல வர்ற வைஃபை தடுமாறுமாமா. மிக்ஸி, குக்கர் எல்லாம் அவரு ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாலயே முடிச்சுருவேன். அதுக்கும் வைஃபைக்கும் சம்பந்தமில்லைன்னு தெரியும். இருந்தாலும் பயம். எங்க தாரணிகா ப்ளஸ் ஒன் படிக்கறா, ஆன்லைன்ல நீட் கோச்சிங். அப்பா மீட்டிங்ல இருக்கும்போது வீடியோ போடாதன்னு அவகிட்ட நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்ல. ரூம் கதவோட தாழ்ப்பா 'டக்'குன்னு சத்தம் கேட்டாப் போதும், அடுப்பை அணைச்சுட்டு ஓடுவேன். கட்டாயிருச்சோ, கட்டாயிருச்சோன்னு.

அப்பறம் உக்காந்து பாக்க ஆரம்பிச்சேன். தமிழ்லயே வீடியோ இருக்குதுங்க. போன்ல ஒரு ஆப் போட்டா யாரு வீட்டு வைஃபை எந்தச் சேனல்ல இருக்குதுன்னு காட்டிக் குடுத்துருது. பாத்தா நம்ம ப்ளாக்குல இருக்கற அத்தனை வீடும் ஆறாம் சேனல்லயே குமிஞ்சு கெடக்குது, நாங்களும் அதுலயே. பந்தியில உக்காந்துட்டு எல்லாரும் ஒரே நேரத்துல கத்தற மாதிரி. யாருக்கு யாரு பேசறது கேக்கும்? ஒண்ணுக்கு மாத்துனேன். அங்க கூட்டம் இல்ல.

அந்த ரெண்டு புள்ளி நாலு இருக்குது பாத்தீங்களா, அது சுவத்தைத் தாண்டித் தூரமாப் போகும், ஆனா மெதுவு. அஞ்சுன்னு இன்னொண்ணு இருக்குது. அது நல்ல வேகம். ஆனா ரெண்டு சுவரு வந்தா சோந்து போயிரும். அதுலதான் அகலத்தை நல்லாக் கூட்டலாம். இருபது, நாப்பது, எம்பது, நூத்தி அறுபது. அகலம் கூடக்கூட வேகம் கூடும். எனக்குப் பேராசைங்க. இருக்கறதுலயே பெருசு எதுன்னு பாத்து நூத்தி அறுபதுல வச்சுட்டேன். அன்னிக்குக் காலைல அவரு வெளிய வந்து, பரவால்லையே, பறக்குதுன்னாரு. எனக்குத் தலைகால் புரியல.

மத்தியானம் மொத்தமாக் கட்டாயிருச்சு. என்னன்னு பாத்தா, அத்தன அகலத்துக்கு விரிச்சா ரேடாரு வேலை செய்யற எடம் வரைக்கும் போயிருமாமா. ரேடாரு சத்தம் கேட்டா நம்ம பெட்டி பொட்டாட்ட, சத்தங்காட்டாம, ஒதுங்கிக்கோணும், அதுதான் சட்டமாமா. நம்ம சரவணம்பட்டிக்கும் ஏர்ப்போர்ட்டுக்கும் எத்தனை தூரம்? ஏரோப்ளேன் அடிவயிறு நம்ம பால்கனியில இருந்தே தெரியுது.

அவரு வெளிய வந்தாரு. திட்டுவாருன்னு நின்னேன். திட்டல. சோபாவுல வந்து உக்காந்து, கட்டாயிருச்சுன்னு மட்டும் சொன்னாரு. புள்ளைங்க பரீட்சையில பெயிலாயிட்டு வந்து உக்காருமே, அப்புடி. கோவத்துக்குப் பயந்ததை விட அந்த மொகத்துக்குத்தான் நான் எச்சாப் பயந்தேன்.

உடனே அஞ்சை முப்பத்தாறாம் சேனலுக்குக் கொண்டுவந்து, அகலத்தை நாப்பதுல நிறுத்துனேன். எம்பதே வெக்கலாமுங்க, ஒண்ணும் ஆகாது. எனக்குத் தைரியம் வரல. அன்னியிலிருந்து பாருங்க, ஒரு புகார் இல்ல. ஆவணி போச்சு, பொரட்டாசி போச்சு, தீவாளியும் போச்சு. காலைல குளிச்சு, தேச்ச சட்டை போட்டு ரூமுக்குள்ள போவாரு. கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டுட்டே இருக்கும். மத்தியானம் வந்து சாப்பிட்டுட்டு மறுபடியும் உள்ள போவாரு. ஒரு நாளாவது கட்டாயிருச்சுன்னு சொல்லோணுமே. இல்ல.

எனக்கு வந்துச்சே ஒரு பெருமை. லிப்ட்ல பாக்கறவங்ககிட்ட எல்லாம் இதே பேச்சு. நாப்பதுக்கு மாத்துனேன், நின்னுருச்சுன்னு. ஏ ப்ளாக்குல ஆரம்பிச்சு எத்தனை வீட்டுக்குப் போயி மாத்திக் குடுத்திருக்கேன் தெரியுங்களா? வைஃபை அக்கான்னே பேரு வச்சுட்டாங்க. நம்ம ஏரியாவுக்கு நெட் குடுக்கறாங்களே, அந்த ஆபீஸ்காரங்களே இங்கிருந்து யாராவது போன் பண்ணுனா, மொதல்ல கோகிலாக்காவைக் கேளுங்கன்னு சொல்ற அளவுக்குப் போச்சு. அவருகிட்டயும் கேப்பேன், இப்ப எப்புடிங்க இருக்குதுன்னு. அருமையா இருக்குது கோகிலாம்பாரு. ஒவ்வொரு தடவையும் அப்புடித்தாஞ் சொல்லுவாரு.

மார்கழியில இந்தப் புள்ளை தாரணிகா அஞ்சுல திருட்டுத்தனமாப் பூந்து படம் பாக்கறான்னு தெரிஞ்சுது. சரி, ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சுருவோம், அஞ்சு அவருக்கு மட்டும், டிவி, போனு, புள்ளை எல்லாம் ரெண்டு புள்ளி நாலுலன்னு முடிவு பண்ணி, ரெண்டுக்கும் பேரை மாத்துனேன், பாஸ்வேர்டையும் மாத்துனேன். டிவியிலயும் புள்ளை போன்லயும் புதுசை நானே போட்டுட்டேன். அப்ப அவரு மீட்டிங்ல இருந்தாரு. வெளிய வரும்போது சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கோபியில இருந்து தங்கச்சி போன், அவ மாமியாரு பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்கன்னு. போட்டது போட்டபடி பஸ் ஏறுனேன். ஆஸ்பத்திரி, வீடுன்னு அலைஞ்சுட்டுத் திரும்பி வந்தேனுங்களா, பாஸ்வேர்டு விசயம் சுத்தமா மறந்தே போச்சு.

வந்ததுக்கு அப்பறமும் எல்லாம் எப்பவும் போலத்தான். தேச்ச சட்டை, ரூமு, பேச்சுச் சத்தம். ஒரு நாளு அவரைக்காய் கிள்ளிட்டு இருக்கேன். உள்ள அவரு சத்தமா இங்கிலீஷ்ல யாருக்கோ வெளக்கிட்டு இருக்காரு. அப்பத்தான் சுருக்குன்னுச்சு. அவருக்கு நான் பாஸ்வேர்டே குடுக்கலையே.

அவரைக்காயைக் கீழ வச்சேனுங்க. போன்ல இருந்து நெட்டை எடுத்துக்குவாரா இருக்கும்னு நெனச்சேன். அவரு போனு சாப்பாட்டு மேசை மேல சார்ஜுல கெடக்குது. மீட்டிங்னா போனை வெளிய வச்சுட்டுத்தான் போவாரு. வயரு குத்தியிருப்பாரோன்னா, பெட்டி ஹால்ல என்ற கண்ணு முன்னாடி இருக்குது. வயரே இல்ல.

போயி அந்தக் கதவுகிட்ட நின்னேன். எனக்குப் பேச வராதே ஒழிய, இங்கிலீஷ் கேட்டாப் புரியும். அடுத்த வாரத்துக்குள்ள முடிச்சுரலாம்ங்கறாரு. சித்த நேரம் சும்மா இருக்காரு. ஆமா, ஆமா, நீங்க சொல்றது சரிங்கறாரு. மறுபடியும் சும்மா இருக்காரு. அப்பறம் சிரிக்கறாரு. டீச்சர், பேசுனதைக்கூடத் தாங்கிட்டேன். அந்தச் சிரிப்பு இருக்குதே, யாருமே இல்லாத ரூமுல, யாரோ வேடிக்கை சொன்ன மாதிரி.

நாப்பதுக்கு மாத்துனதுக்கு அப்பறம் ஒரு புகாரும் வரலைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். எப்புடிங்க வரும்? வேலையே அப்பவே போயிருச்சு.

மொத வேலையா என்ன பண்ணுனேன் தெரியுங்களா? பேரையும் பாஸ்வேர்டையும் பழையபடியே மாத்தி வச்சுட்டேன். எனக்குத் தெரிஞ்சுருச்சுன்னு அவருக்குத் தெரியக்கூடாது. மத்தியானம் சாப்பிட வந்தாரு. ரசம்னு நெனச்சுத் தண்ணியை ஊத்திட்டேன். என்னன்னு கேட்டாரு. வெயிலுங்கன்னேன். மார்கழியில.

கேட்டுருன்னு சொல்றீங்களா? கேக்க முடியாதுங்க. நீங்க புதுசு, உங்களுக்குத் தெரியாது. தையில சி ப்ளாக்குல ஒருத்தரு. அவருக்கும் இதே கதைதான், ஆபீஸ்ல அனுப்பிட்டாங்க, வீட்ல சொல்லல. அந்தப் பொண்ணு எப்புடியோ கண்டுபிடிச்சு, ஏங்க இப்புடிப் பண்ணுனீங்கன்னு ஒரே ஒரு வார்த்தைதாங் கேட்டுதாமா. சட்டையை மாட்டிட்டு மொட்டை மாடிக்குப் போனவருதான். அந்தப் பொண்ணு இன்னும் எல்லாருகிட்டயும் அதையே சொல்லிட்டு இருக்குது, நான் ஒரு வார்த்தைதாங் கேட்டேன், ஒரு வார்த்தைதாங் கேட்டேன்னு. நாம இருக்கறது ஏழாவது மாடி டீச்சர். நான் கேக்க மாட்டேன். மாசம் பொறந்தா வீட்டுச் செலவுக்குக் குடுக்கறாரு. அது எங்கிருந்து வருதுன்னுகூட நான் கேட்டதில்ல.

முன்னெல்லாம் உள்ள அவரு குரலு கொஞ்சம் ஏறுனாலே பயப்படுவேன். இப்ப அது நின்னாத்தான் பயம். பேச்சுச் சத்தம் கேட்டுட்டு இருக்கற வரைக்கும் உசுரோட இருக்காருன்னு அர்த்தம். துணி காயப் போட்டாலும் காது அங்கதான் இருக்கும். கடைக்குப் போறதுன்னாலும் தாரணிகா பள்ளிக்கூடம் விட்டு வந்ததுக்கு அப்பறந்தான். அதனாலதான் நேத்து உங்ககிட்ட அவரு கத்துனப்ப, உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு தெரிஞ்சும் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சுங்க. தப்புத்தான். ஆனா அத்தனை கோவப்படறவரு, அந்த மாதிரி எதுவும் பண்ண மாட்டாரில்லீங்களா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. மாட்டாருதானே?

இப்ப வந்த விசயத்தைச் சொல்லிர்றேன். திங்கக்கிழமையிலிருந்து நான் வேலைக்குப் போறேன். அதே நெட் ஆபீஸ்லதான். கட்டாகுது, சுத்திட்டே இருக்குதுன்னு போன் பண்றவங்களுக்குப் பொறுமையாச் சொல்லிக் குடுக்கற வேலை. கூப்பிட்டுக் குடுக்கறாங்க, இன்னிக்கு இருக்கற நெலமையில வேண்டாம்னு சொல்ல முடியாது. வீட்ல போரடிக்குது, அதனாலன்னு அவருகிட்டச் சொன்னேன். நான் இருக்கறப்ப உனக்கெதுக்கு வேலைன்னாரு. அப்பறம் சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வச்சுட்டு, சரி போயிட்டு வாயேன்னாரு.

உங்ககிட்ட ரெண்டு உதவி கேக்கறேனுங்க. உங்களால கட்டாகுதுன்னு மறுபடியும் அவரு வந்து நின்னாருன்னா, அப்புடி இல்லைன்னு சொல்லிராதீங்க. அய்யோ தம்பி, தெரியலப்பா, குறைச்சு வச்சர்றேன்னு சொல்லிருங்க. அவரையே உள்ள கூப்பிட்டு மாத்திக் குடுக்கச் சொன்னாலும் சரி, மாத்திட்டுப் போகட்டும். எப்புடி மாத்துனாலும் நான் சாயங்காலம் வந்து சரி பண்ணிர்றேன்.

இன்னொண்ணு, நீங்க பகல்ல வீட்லதானே இருப்பீங்க? உங்க உள்ரூமுல படுத்திருந்தாலே அவரு குரலு கேக்கும். சாப்பாட்டு நேரம் தவிர, ரொம்ப நேரமா சத்தமே இல்லைன்னா எங்க வீட்டு பெல்லை அடிச்சுருங்க. என்ன ஏதுன்னு கேக்க வேண்டாம். வைஃபை வரலப்பா, வந்து பாத்துக் குடுங்கன்னு கூப்பிடுங்க. வந்துருவாரு. ஒரு ஆளு உதவின்னு கூப்பிட்டு அவரு வராம இருந்ததில்ல.

உள்ரூமுக்கு வாங்க, எந்த எடத்துல நல்லாக் கேக்கும்னு காட்டறேன். செருப்பைக் கழட்டிருங்க, சத்தம் வரும், குசுகுசுன்னே பேசிக்கலாம். இந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல, இப்புடி. காதை வெக்கக்கூட வேண்டாம். கேக்குதுங்களா? அதான் அவரு குரலு. நல்ல கணீர்னு பேசுவாரு. இன்னிக்கு என்னமோ நெட்வொர்க்கைப் பத்திப் போயிட்டிருக்குது. என்ற பக்கம் ஒரு பிரச்சினையும் இல்லைங்கறாரு. என்ற வீட்ல எல்லாம் என்ற ஒய்ஃப் பாத்துக்கறாங்கறாரு.

என்னையச் சொல்றாருங்க. ஆருகிட்ட சொல்றாரு?

நான் இங்க வந்திருக்கறது அவருக்குத் தெரியாது. அடுப்படியில இருக்கேன்னுதான் நெனச்சுட்டு இருப்பாரு. இருங்க, கதவைத் தொறக்கறாரு. கேட்டுதுங்களா? கோகிலாங்கறாரு. தமிழ்ல. மறுபடியும் கூப்பிடறாரு. இங்கிருந்து நான் எப்புடிங்க ஏனுங்கன்னு கொரல் குடுக்கறது?

இப்ப உள்ள போயிட்டாரு. கதவைச் சாத்திட்டாரு.

பேசுவாரு, இருங்க. மறுபடியும் ஆரம்பிப்பாரு. பாதியில விட்டுட்டு வந்திருக்காரில்ல, மீட்டிங்கை. சாப்பாட்டு நேரமும் இல்ல. இந்நேரம் பேசிட்டுத்தான் இருப்பாரு, எப்பவும்.

சத்தமே இல்லையே டீச்சர்.

நான் வீட்ல இல்லைன்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டாரு. அப்ப இத்தனை நாளா நான் கேக்கறதுக்காகத்தான் பேசிட்டு இருந்தாருங்களா? திங்கக்கிழமை நான் போயிட்டேன்னா, அவரு ஆருக்காகப் பேசுவாரு? நீங்க இந்தச் சுவத்துல காதை வச்சுட்டு எதைக் கேப்பீங்க?

இன்னும் ஒண்ணும் கேக்கல. நான் போறேன். போயிக் கதவைத் தட்டோணும். என்ன சொல்றதுன்னு தெரியல, ஆனாத் தட்டோணும். நீங்களும் கூட வாங்க டீச்சர். தனியாப் போகப் பயமா இருக்குது.